‘நைஸ்’ என்ற சொல்லுக்காக ஒரு வக்காலத்து

‘நைஸ்’ என்ற சொல்லைக் கண்டாலே ஆங்கில ஆசிரியர்களுக்கு ஆகாது. கட்டுரை நோட்டில் அது எங்கே வந்தாலும் சிவப்பு மையில் ஒரு கோடு விழும், பக்கத்தில் ‘வேறு சொல் போடு’ என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படம் நைஸ், பாயசம் நைஸ், பக்கத்து வீட்டுக்காரர் நைஸ், இன்றைக்கு வெயிலும் நைஸ். இத்தனைக்கும் பொருந்துகிற சொல் எதைத்தான் சொல்கிறது?

ஆனால் இவ்வளவு வெளுத்துத் தெரிகிற இந்தச் சொல்லுக்குப் பின்னால் எழுநூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வளவு தூரம் நடந்த பெயரடைகள் அதிகம் இல்லை. எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு தனிப் பிரியமே உண்டு. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

லத்தீனில் ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். அதற்கு முன்னால் ‘நெ’ என்ற எதிர்மறையைச் சேர்த்தால் ‘நெஸ்கியுஸ்’. அறியாதவன் என்று பொருள். நாம் ‘அறி’யிலிருந்து ‘அறியாமை’ செய்துகொண்ட மாதிரியே அவர்களும் செய்துகொண்டார்கள். இந்த நெஸ்கியுஸ் பழைய பிரெஞ்சில் தேய்ந்து ‘நிஸ்’ என்றாகி, அசடு, விவரம் கெட்டவன், கையாலாகாதவன் என்றெல்லாம் பொருள் தந்தது. நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் இறங்கினவே, அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. 1300 வாக்கில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டும்போது இதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: முட்டாள்தனமான. கவிஞர் சாசர் காலத்தில் ஒருவரை நைஸ் என்று சொன்னால் அவர் சண்டைக்கு வந்திருப்பார்.

அதே ‘ஸ்கிரே’யிலிருந்து வந்த இன்னொரு சொல் சயின்ஸ். மனசாட்சியைக் குறிக்கிற கான்ஷியன்ஸும் அந்த வேர்தான். ஆக அறிவியலும் மனசாட்சியும் நைஸும் ஒரே குடும்பம். முதல் இரண்டும் அறிவின் பக்கம் போய் நின்றன, மூன்றாவது அறியாமையின் பக்கம் பிறந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சீரான கோடாகப் போட முடியாது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அசட்டுத்தனம் என்ற பொருளோடு அடக்கமில்லாத, ஒழுக்கம் தவறிய என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. பிறகு உடையில் பகட்டு. பகட்டாக உடுத்துகிறவன் எதையும் லேசில் ஏற்கமாட்டான், துணி சரியில்லை, மடிப்பு சரியில்லை என்பான். அதனால் நொட்டை சொல்கிற, எதிலும் திருப்திப்படாத என்ற பொருள் வந்தது. இன்னொரு கிளை கூச்சம், நாணம், மென்மை என்று போயிற்று. இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அல்ல, பலவும் ஒரே சமயத்தில் புழக்கத்தில் இருந்தவை. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் ஓரிடத்தில் நைஸ் வந்தால் அங்கே என்ன பொருள் என்று பல சமயம் முடிவு கட்ட முடிவதில்லை என்று அகராதி தொகுத்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

ஷேக்ஸ்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமியோவுக்குப் போக வேண்டிய கடிதம் போய்ச் சேரவில்லை. கொள்ளைநோய்க்குப் பயந்து, அதைக் கொண்டுபோன துறவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். செய்தி கேட்ட லாரன்ஸ் பாதிரியார் பதறிப்போய், அந்தக் கடிதம் ‘நைஸ்’ ஆனதில்லையே என்கிறார். இன்றைய பொருளில் படித்தால் கடிதம் இனிமையாக இல்லை என்றுதான் தோன்றும். அங்கே நைஸ் என்றால் அற்பமான, முக்கியமில்லாத. அந்தக் கடிதத்தில் இரண்டு உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

முட்டாள் என்ற சொல் எப்படி மென்மைக்கும் அழகுக்கும் போனது என்று ஆங்கிலேயர்கள் வியந்து எழுதுவதைப் படிக்கும்போது, தமிழ் படித்தவர்களுக்கு அவ்வளவு வியப்பு வராது. நம்மிடம் ‘பேதை’ இருக்கிறது. திருக்குறளில் ‘பேதைமை’ என்று ஓர் அதிகாரமே முட்டாள்தனத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே பேதைதான் பெண்ணின் ஏழு பருவங்களில் முதல் பருவத்துக்கும் பெயர். விவரம் தெரியாத சிறுமி, அதனாலேயே கொஞ்சத் தோன்றுகிறவள். ‘மடம்’ இன்னும் நல்ல சாட்சி. மடமை என்றால் அறியாமை, மடத்தனம் என்றால் திட்டு. ஆனால் அச்சம், மடம், நாணம் என்று வரிசைப்படுத்தும்போது அதே மடம் ஒரு குணச்சிறப்பு ஆகிவிடுகிறது. சொல்லிக்கொடுத்ததைப் பற்றிக்கொண்டு விடாத தன்மை என்று உரையாசிரியர்கள் அதற்கு விளக்கம் தேடினார்கள். மான் மடமான் ஆனது, நடை மடநடை ஆனது. பெண் அறியாதவளாக இருப்பதை அழகு என்று கொண்டாடிய மனப்போக்கு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அறியாமையிலிருந்து மென்மைக்கு ஒரு வழி இருக்கிறது, அந்த வழியில் நம் சொற்களும் நடந்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. இன்றும் பாட்டி பேரனை ‘போடா அசடு’ என்று சொல்லும்போது அது திட்டா, கொஞ்சலா?

சரி, நைஸுக்கு வருவோம். நொட்டை சொல்கிறவனுக்கு நுட்பம் தெரிந்திருக்கும். மற்றவர் கண்ணில் படாத வித்தியாசம் அவன் கண்ணில் படும். இந்த வாசல் வழியாகத்தான் 16ஆம் நூற்றாண்டில் நைஸ் தன் வாழ்விலேயே மிகவும் கௌரவமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நுணுக்கமான, துல்லியமான, மிக மெல்லிய வேறுபாட்டையும் பிரித்தறிகிற என்று பொருள். அறியாதவன் என்று தொடங்கிய சொல் மிக நுட்பமாக அறிகிறவனைக் குறிக்க வந்துவிட்டது! இன்றும் சட்டம் படித்தவர்களும் தத்துவம் படித்தவர்களும் ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பார்கள். அது நல்ல வேறுபாடு என்பதல்ல, நூலிழை வேறுபாடு. ‘நைசிட்டி’ என்ற பெயர்ச்சொல்லில் இன்றுவரை அந்தப் பழைய துல்லியம் அப்படியே தங்கியிருக்கிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் பெரிய அகராதியைக் கொண்டுவந்தபோது நைஸுக்குத் தந்த பொருள்கள் பெரும்பாலும் இந்த வகைதான்: துல்லியம், கறார்த்தனம், சட்டென்று முகம் சுளிக்கிற குணம். ‘இனிமையான’ என்ற பொருள் அந்தப் பட்டியலில் இல்லை.

1815 ஜூனில் வாட்டர்லூ போர் முடிந்த மறுநாள், பிரஸ்ஸல்ஸ் நகரில், அந்தப் போரில் வென்ற வெலிங்டன் பிரபுவைத் தாமஸ் கிரீவி என்ற அரசியல்வாதி சந்திக்கிறார். போர் எப்படி இருந்தது என்பதற்கு வெலிங்டன் சொன்ன பதிலைக் கிரீவி எழுதிவைத்தார். அதில் அந்தப் போரை வெலிங்டன் ‘நைஸ்’ என்கிறார். பல்லாயிரம் பேர் செத்துக்கிடந்த களத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் அதை இனிமையாக இருந்தது என்று சொல்லவில்லை. மயிரிழையில் முடிவான விஷயம், எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம் என்கிறார். துல்லியமான தராசு முள் மாதிரி நின்ற போர். இந்தப் பொருள் மறைந்த பிறகு வந்தவர்களுக்கு அந்த வாக்கியம் உறுத்தியது. அதனால் இன்று வெலிங்டன் பேரில் உலவுகிற வாசகத்தில் நைஸ் இருக்காது. ‘குளோஸ்’ என்று ஒரு சொல்லை மக்கள் தாங்களாகவே போட்டுக்கொண்டார்கள்.

இதே மாதிரி இன்னொன்று நடந்தது லாரல்-ஹார்டி நகைச்சுவைப் படங்களில். ஒவ்வொரு முறை வம்பில் மாட்டும்போதும் குண்டான ஹார்டி, நீ என்னை இழுத்துவிட்ட இந்த வம்பைப் பார் என்பார். அந்த வம்புக்கு அவர் வழக்கமாகப் போடும் அடைமொழி ‘நைஸ்’. 1930இல் வந்த அவர்கள் படம் ஒன்றின் தலைப்பில் ‘ஃபைன்’ இருந்ததால், வசனமும் ஃபைன் என்றே பலர் நினைவில் பதிந்துவிட்டது. நைஸைக் கிண்டலாகச் சொன்னாலும் அது மறந்துபோகிற சொல்லாகிவிட்டதே என்று எனக்கு வருத்தம்.

நைஸின் சரித்திரத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற இடம் ஒரு நாவல். ஜேன் ஆஸ்டின் எழுதிய ‘நார்த்தாங்கர் அபே’. 1790களின் இறுதியில் எழுதி, 1817 ஜூலையில் அவர் இறந்த பிறகு அந்த ஆண்டுக் கடைசியில்தான் வெளிவந்தது. பாத் நகரத்தை ஒட்டிய பீச்சன் கிளிஃப் என்ற குன்றில் மூன்று பேர் நடந்துபோகிறார்கள். கேத்தரின் மார்லாண்டுக்குப் பதினேழு வயது, கிராமத்திலிருந்து வந்தவள், நாவல் பைத்தியம். ஹென்றி டில்னி படித்தவன், பாதிரியார், பேச்சில் கெட்டிக்காரன். மூன்றாவது அவன் சகோதரி எலினர்.

ஆன் ராட்க்ளிஃப் 1794இல் எழுதிய ‘உடால்ஃபோவின் மர்மங்கள்’ என்ற திகில் நாவலைப் பற்றிப் பேச்சு வருகிறது. உலகத்திலேயே நைஸான புத்தகம் அதுதானே என்று கேத்தரின் ஆசையாகக் கேட்கிறாள். ஹென்றி விடவில்லை. நைஸ் என்றால் நேர்த்தி என்றுதானே சொல்கிறாய், அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். கேத்தரின் குழம்பிப்போய், நான் தப்பாக எதுவும் சொல்லவில்லையே, அது நைஸான புத்தகம்தானே, ஏன் அப்படிச் சொல்லக்கூடாது என்கிறாள். அவன் தொடர்கிறான்: ஆமாம், இன்றைக்கு நாளும் நைஸ், இந்த நடையும் நைஸ், நீங்கள் இரண்டு பேரும் நைஸ். முதலில் ஒருவேளை இந்தச் சொல் நேர்த்தி, ஒழுங்கு, நயம் ஆகியவற்றை மட்டும் குறித்திருக்கும், இப்போது எதைப் பாராட்டவும் இந்த ஒரே சொல்லாகிவிட்டது என்கிறான்.

இலக்கிய ஆசிரியர்கள் இந்தக் காட்சியை ஹென்றியின் கெட்டிக்காரத்தனத்துக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். ‘முதலில்’ என்று அவன் எதைச் சொல்கிறானோ அது முதல் அல்ல. அது நடுவழி. உண்மையான முதல் பொருள் முட்டாள். மூலத்தைக் காட்டிக் கேத்தரினைத் திருத்த வந்தவன், தன் காலத்துக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் இருந்த ஒரு பொருளை மூலம் என்று நினைத்துக்கொண்டான். இதை இன்றும் பலர் செய்கிறார்கள். தாத்தா காலத்தில் இருந்ததே ஆதி காலத்திலும் இருந்தது என்று நினைப்பது. எட்டிமாலஜி என்ற சொல்லின் கிரேக்க வேருக்கே ‘உண்மையானது’ என்று பொருள். சொல்லின் பிறப்பைக் கண்டுபிடித்தால் அதன் உண்மைப் பொருள் கிடைத்துவிடும் என்ற பழைய நம்பிக்கை அந்தப் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதற்கு நைஸைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

நம் ஊரிலும் இந்த வாதம் நடக்கும். ‘நாற்றம்’ என்றால் மணம்தான், பழந்தமிழில் அப்படித்தான் என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவர் சொல்வது சரிதான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், கண்ணனின் வாய் எப்படி மணக்கும் என்று சங்கைக் கேட்கும்போது ‘நாறுமோ’ என்றுதான் கேட்கிறாள். அதற்காக ஒரு கல்யாண வீட்டுக்குப் போய், பெண்ணின் அம்மாவிடம் ‘உங்க பொண்ணு தலையில இருக்கிற மல்லி நல்லா நாறுதுங்க’ என்று சொல்லிவிட முடியுமா? பழைய பொருளைத் தெரிந்துகொண்டால் ஆண்டாளைச் சரியாகப் படிக்கலாம். இன்றைக்குப் பேசுகிறவரைத் திருத்த அது கோல் ஆகாது.

பீச்சன் கிளிஃப் காட்சியில் எலினர் சொல்கிற பதிலைப் பலரும் கவனிப்பதில்லை. அவள் கேத்தரின் பக்கம் நின்று சகோதரனை மடக்குகிறாள். இந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், அதுவும் பாராட்டாக அல்ல. உன்னிடம் விவேகத்தைவிட நைஸ்தான் அதிகம் என்கிற மாதிரி சொல்கிறாள். நொட்டை சொல்கிறவன் என்ற பொருளில்தான் அவள் பேசுகிறாள். ஆனால் நைஸை விவேகத்துக்கு எதிரே நிறுத்தியதில், ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ‘அறிவில்லாத’ என்ற பொருளுக்குப் பக்கத்தில் போய்விட்டாள். ஹென்றி தேடிப்போன மூலத்துக்கு அவனைவிட நெருக்கமாக நின்றது அவள்தான்.

ஹென்றி கதாபாத்திரம், அவனை விட்டுவிடலாம். 1926இல் ஃபவுலர் தன் புகழ்பெற்ற ஆங்கிலப் பயன்பாட்டுக் கையேட்டில் இதே குறையைத் திரும்பச் சொன்னார். பெண்களுக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போய், அவர்கள் பேசிப் பேசியே அதன் தனித்தன்மையெல்லாம் போய்விட்டது, மங்கலான ஓர் இனிமையைப் பரப்புகிற சொல்லாகிவிட்டது என்று எழுதினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஒரு சொல் மாறினால் பழி பெண்கள் மேல். நைஸ் அதற்கு முன்னால் எத்தனை முறை மாறியிருக்கிறது? அப்போதெல்லாம் யாரும் யாரையும் பழிக்கவில்லையே. ‘இனிமையான’ என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. ‘அன்பாகப் பழகுகிற’ என்பது அதற்கும் பின்னால். வீட்டுப் பேச்சிலும் கடிதத்திலும் புழங்குகிற சொல் அது. அது யார் வாயிலிருந்து வந்தால் என்ன?

ஜேன் ஆஸ்டினே அதை எழுதியிருக்கிறார். 1796 ஜனவரியில் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. அவர் எழுதி நமக்குக் கிடைத்த கடிதங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. அக்காவிடமிருந்து வந்த நீண்ட கடிதத்தை அதில் அவர் எப்படிக் குறிப்பிடுகிறார் தெரியுமா? நைஸ் என்று. நேர்த்தியான என்ற பொருளில் அல்ல, கேத்தரின் சொன்ன அதே பொருளில். இருபது வயதில் அக்காவுக்கு எழுதும்போது இயல்பாக வந்த சொல் அது. ஹென்றியின் வாயில் அந்த வாதத்தை வைத்தவருக்கு, கேத்தரினின் பேச்சு தன் சொந்தப் பேச்சு என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நைஸ் கீழிருந்து மேலே ஏறியது என்றால், மேலிருந்து கீழே இறங்கியது ‘சில்லி’. பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பாக்கியம் பெற்ற, புனிதமான என்று பொருள். ஜெர்மனில் அதன் உறவுச் சொல்லான ‘செலிக்’ இன்றும் அந்தப் பொருளிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது அப்பாவி ஆகி, பரிதாபத்துக்குரியது ஆகி, கடைசியில் அசடு ஆகிவிட்டது.

நைஸின் பயணத்தில் ஒரு கிளை தமிழ்நாட்டில் முடிகிறது. மாவு மில்லில் போய் நின்றால் முதல் கேள்வி, ‘நைஸா அரைக்கணுமா, கொரகொரப்பாவா?’ இடியாப்பத்துக்கு நைஸ், புட்டுக்குக் கொரகொரப்பு. உளுந்து நைஸாக அரைபட்டால்தான் இட்லி பூ மாதிரி வரும். இந்த நைஸுக்கு இனிமை என்று பொருள் இல்லை. பொடி நுணுக்கமாக, மெல்லியதாக இருக்க வேண்டும் என்று பொருள். ஆங்கிலத்தில் வழக்கறிஞர் பேச்சோடு சுருங்கிப்போன ‘நுண்மை’, நம் மில்காரர் வாயில் தினமும் புழங்குகிறது. நம்மிடம் ஏற்கெனவே ‘நைய இடித்தல்’ இருந்ததால் அந்த ஒலி நம் காதுக்கு அந்நியமாகவே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

மாவோடு நிற்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் ‘நைஸா நழுவிட்டான்’ என்றால், யாருக்கும் தெரியாமல், சந்தடியில்லாமல். ‘நைஸா பேசி கையெழுத்து வாங்கிட்டான்’ என்றால், மெல்லப் பேசி, தந்திரமாக. ‘அவரை நைஸ் பண்ணு’ என்றால் தாஜா செய். இப்படிச் சொல்ல இங்கிலாந்துக்காரருக்குத் தெரியாது. அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு நாமே வளர்த்த பொருள்கள் இவை. இதைத் தப்பான ஆங்கிலம் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஆங்கிலமே இல்லை, தமிழ்.

1879இல் ஜேம்ஸ் மர்ரே, ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக, படிக்கிற பழக்கமுள்ள எல்லோரையும் உதவிக்கு அழைத்தார். புத்தகங்களில் கண்ட சொற்களை, எந்த நூல், எந்த ஆண்டு என்று சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னார். சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன. ஒரு சொல் எந்த ஆண்டில் எந்தப் பொருளில் வந்தது என்று இன்று சொல்ல முடிவது அந்தச் சீட்டுகளால்தான். தமிழ் நைஸுக்கும் அப்படி ஒரு சீட்டுக்கட்டு வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. மாவுக்கு முதலில் வந்ததா, நழுவுவதற்கு முதலில் வந்ததா? 1926இல் தொடங்கிய ஆனந்த விகடனின் பழைய இதழ்களில் நகைச்சுவைத் துணுக்குகளைப் புரட்டிப் பார்க்கலாம். ஐம்பதுகளின் சினிமா வசனப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் நூலின் முதல் பதிப்பு, 1951. அரைக்கச் சொல்கிற ஒவ்வொரு இடத்திலும் அவர் ‘நைய’ என்கிறாரா, ‘நைஸாக’ என்கிறாரா, ‘வழுவழுப்பாக’ என்கிறாரா என்று பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பழைய பதிப்பு வீட்டில் வைத்திருப்பவர்கள் அடைப் பக்கத்தைத் திறந்து உளுந்து வருகிற இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.